பின்பிரேக்கை நம்பிய பல்செட்காரர்

சைக்கிளில் ஏறுவதற்கு முன் வலது பக்கத்துப் பிரேக் பிடியை ஒரு முறை முறைத்துப் பார்ப்பார். அதற்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, மேலே சிவப்புத் துணியைச் சுற்றி வைத்திருக்கிறார். மறந்துபோய்க்கூடக் கை அதை அழுத்திவிடக் கூடாது. முறைத்து முடித்ததும் கூடையில் உள்ள டப்பாக்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்விளிம்புக்குப் போய், பாதி வெளியே தொங்கியபடி உட்கார்ந்துகொள்வார்.

டப்பாக்களில் இருப்பவை பற்கள். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. காலையில் அச்செடுத்து, மெழுகில் பல் பதித்து, ஈறுக்கு மெருகேற்றுவார். பிற்பகலில் தயாரானவற்றை மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். வயது ஐம்பத்து மூன்று. பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘பின்பிரேக்கு’.

அந்தப் பெயர் அவரே தேடிக்கொண்டது. தேநீர் வேளையில் யார் சிக்கினாலும் ஆரம்பித்துவிடுவார்: “முன்பிரேக்கு புடிக்கறவன் வண்டிய நிறுத்தல தம்பி, தன்னையே தூக்கி எறியறான். பின்பிரேக்குதான் தெய்வம். மூணு வருஷமா இந்த வண்டி ஓட்டறேன், முன்னாடி பிரேக்க ஒரு நாள் தொட்டிருப்பேனா? அதோட புடிய மரத்துண்டு வெச்சே அடைச்சுட்டேன்ல.”

பன்னிரண்டு வயதில் ஓர் இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்டில் பாருக்கு மேலே பறந்திருக்கிறார். முன்பல் இரண்டு போயின. அதனால்தான் பல் தொழிலுக்கு வந்தார் என்று சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“வண்டிக்குத்தான் பின்பிரேக்கு, வாய்க்கு எந்த பிரேக்கும் கிடையாது” என்பது அவர் மனைவியின் கணிப்பு.

போன வியாழக்கிழமை அந்தத் தெய்வம் கிறீச்சிட ஆரம்பித்தது. அன்று கூடையில் ஒரே ஒரு டப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கான மேல்வரிசைப் பல்செட். நான்கு மணிக்குப் பழைய மாணவிகள் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். மூன்று வாரம் இழைத்து இழைத்துச் செய்த பல். “என் கையாலயே கொண்டாந்து குடுக்கறேன் டீச்சர்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். தன் வண்டியில் பிறர் கை படுவதை விரும்பாதவர், வேறு வழியில்லாமல் மேட்டின் உச்சியில் இருக்கும் சைக்கிள் கடையில் நிறுத்தினார்.

“பின்னாடி பிரேக் கட்டை தேஞ்சுபோச்சும்மா. சீக்கிரம் மாத்திக் குடு.”

கடைக்காரம்மாள் குனிந்து பார்த்தாள். “பின்னாடி கட்டை புத்தம்புதுசா இருக்கேண்ணே. முன்னாடிதான் இரும்பு தெரியுது.”

“நான் முன்பிரேக்க தொடவே மாட்டேன்மா.”

அவள் வண்டியின் முன்பக்கம் வந்தாள். மழைக்காகக் கூடையோடு பிரேக் ஒயர்களையும் சேர்த்து மூடி அவர் கட்டியிருந்த ரெக்சினை அவிழ்த்தாள். இடது பிடியிலிருந்து கிளம்பிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். விரல் போய் நின்ற இடம் முன்சக்கரம்.

“யார்கிட்ட வாங்கினீங்க?”

“இடதுகைப் பழக்கம் உள்ள ஒருத்தர்கிட்ட...” என்றவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அவர் மாத்திப் போட்டிருக்கார். மூணு வருஷமா நீங்க முன்பிரேக்குதான் புடிச்சிருக்கீங்க. பின்பிரேக்குக்குத்தான் மரத்துண்டு வெச்சு அடைச்சிருக்கீங்க.”

பாவம், மனிதர் வெளிறிப்போனார். அவள் முன்சக்கரத்துக்குப் புதுக் கட்டை மாட்டினாள். மரத்துண்டைப் பிடுங்கி எறிந்தாள். “பயப்படாதீங்கண்ணே. வண்டிய நிறுத்தறதே முன்பிரேக்குதான். பின்னாடி இருக்கறது கூட நின்னு ஒத்தாசை பண்ணும். படக்குனு புடிச்சாத்தான் தூக்கி எறியும். பின்னுக்கு உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினா சொன்ன இடத்துல நிக்கும். நீங்க அப்படித்தானே இத்தனை நாளும் ஓட்டினீங்க?”

அது வேறு. அப்போது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. வண்டியில் ஏறாமல் உருட்டிக்கொண்டே இறங்கத் தொடங்கினார். பத்தடி போவதற்குள் டீச்சரின் பல் மருத்துவரிடமிருந்து போன்.

“டீச்சர் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. எங்க இருக்கீங்க?”

“மேட்டுல சார்.”

“இறங்குங்க!”

மணி மூன்றே முக்கால். நடந்தால் நாலேகால் ஆகிவிடும். டப்பாவைப் பார்த்தார், இறக்கத்தைப் பார்த்தார். இத்தனை காலம் திட்டித் தீர்த்த பிரேக்கிடம் போயும் போயும் இன்றைக்குத்தானா உயிரை ஒப்படைக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே ஏறினார்.

வண்டி வேகம் பிடித்தது. கீழே நாற்சந்தியில் சிவப்பு விளக்கு; குறுக்கே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அவர் பின்னுக்கு நகர்ந்தார். முழங்கைகள் விறைத்தன. இடது விரல்கள் மெல்ல மெல்ல இறுகின. வலது விரல்கள் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டன. கண்ணை மூடாமல் இருந்ததே பெரிய காரியம். வண்டி குலுங்கவில்லை, வழுக்கவில்லை. வெள்ளைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அடக்கமாக நின்றது. பச்சை விழுந்தும் பிரேக்குகளை விட மனம் வராமல் அவர் நின்றதால், பின்னால் நாலைந்து பேர் ஹார்ன் அடித்தார்கள்.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஆசிரியை பல்லைப் பொருத்திக்கொண்டு, “சனி, ஞாயிறு, சரஸ்வதி, சந்தோஷம்” என்று சொல்லிப் பார்த்தார். ஒரு ‘ச’கூடச் சறுக்கவில்லை. “ரொம்பப் பொறுப்பா கொண்டுவந்திருக்கீங்க” என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் பிரேக்கைப் பற்றிய பிரசங்கம் ஆரம்பமாகும். மருத்துவர்கூட அதற்குத் தயாராக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மனிதர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டார். பிறகு முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, வெளுத்த சட்டையின் நுனியால் ரிம்மில் படிந்திருந்த பிரேக் கட்டையின் கறுப்புத் தூளைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.