என் பெயர் விழுந்த சாவுப் பாட்டு

டோல்கேட்டில் மூன்று மாடி வீடு, ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி, எண்ணூர் வரை ஓடுகிற லாரிகள். அஞ்சாங் கிளாஸ் தாண்டாதவன் எழுப்பியது இவ்வளவும். ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன். இப்படிப்பட்ட என்னைப் போன வாரம் ஒரு பத்திரிகை சாகடித்துவிட்டது.

எங்கள் தெருவில் குடியிருந்து பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த பேப்பர்காரரைப் பற்றிய கட்டுரை அது. கானாப் பாட்டின் சரித்திரத்தை எங்கள் பக்கத்தில் முதலில் எழுதியவர் அவர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கட்டுரை எழுதிய பெண், அவருடைய பழைய டேப் ஒன்றைக் கேட்டுவிட்டு, ‘இறந்துபோன சிறுவனுக்காகப் பாடியது’ என்று போட்டிருக்கிறாள். அந்தச் சிறுவன் நான்.

அந்த டேப்பைப் பதிவு செய்த அன்றைக்கு நல்ல மத்தியானம். பேப்பர்காரர் டேப் ரெக்கார்டரோடு வீட்டுக்கு வந்தார். என் மாமா சாவு வீடுகளில் கானா பாடுகிறவர்.

“பொணம் இல்லாம சாவுப் பாட்டு எட்த்தா வூட்டுக்கு ஆவாது நைனா,” என்றார் மாமா.

“பேரு சொல்லாம பாடு மாமு. சரித்திரத்துக்கு வோணும்,” என்றார் பேப்பர்காரர்.

செத்தவர் பெயர் வருகிற இடத்தில் மாமா வாயை மூடிக்கொண்டு எண்ணெய் டின்னை மட்டும் தட்டினார். அந்த ஓட்டையை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுபடி அது வந்தபோது என் பெயரைப் போட்டுப் பாடினேன். அச்சாகப் பொருந்தியது. அந்த வயதிலேயே எனக்கு அப்படி ஒரு குரல்.

டின் நின்றது. டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

“பேரு வூந்துட்ச்சிக்கா. இனி பாதில வுட்டா இவன இட்டுகினு பூடும். படுக்க வையி,” என்றார் மாமா.

தெற்கே தலை வைத்துப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மாமா என் பெயரைச் சொல்லிச் சொல்லி முழுப் பாட்டையும் பாடினார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், எதுவும் விசாரிக்காமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கண்ணை மூடிக் கிடந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவும் அழுதாள். அது நடிப்பில்லை.

கயிற்றை அவிழ்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். “நல்லா பாட்னேனா மாமா?”

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா என்னைப் பார்க்காமலே, கேட்டிராத ஒரு பெயரைச் சொல்லி, “வாடா, துன்னு,” என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அந்தப் பெயரில்தான் பிழைத்தேன், சம்பாதித்தேன். பழையதை அவள் சாகும்வரை சொல்லவில்லை. அந்தப் பெஞ்சருகே அவள் அழுதது யாருக்காக என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பத்திரிகைக்காரப் பெண்ணே, திருத்தம் போடு. டேப்பில் பெயர் வருகிற முதல் இடத்தைப் பாடியது மாமா இல்லை, நான். பழைய பெயரிலேயே போடு. நேரில் வா, அந்தப் பெயரை எழுதித் தருகிறேன். என்னை வாய்விட்டுச் சொல்ல மட்டும் சொல்லாதே.