அறுபதாம் பெட்டியிலிருந்து கரைக்கு

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் இருக்கிறது. கொழும்பில் ஓர் அலுவலகத்தின் இரும்பு அலுமாரிக்குள், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. நாள், மணி, விநாடி எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. நான் கல்முனையில் பிறந்தவன். பௌதிகவியல் படித்தவன். ஜின்னைக் கண்டேன், பேயைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் விடாமல் வாதாடுவேன். போன வருடம் ஜூலை பதினோராம் திகதியோடு அந்தப் பழக்கம் போய்விட்டது.

என் பெயர் இன்பாஸ். கடலுக்கு அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று தேடும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை செய்தேன். தேடுவது என்றால் தோண்டுவது இல்லை, கேட்பது. பூமி எந்நேரமும் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு பாறையிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். பல நாட்கள் பொறுமையாகக் கேட்டால், கடலடிப் பாறைகள் எப்படி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்று கணினியில் படம் வரைந்துவிடலாம். எங்கே பாறை கவிழ்த்த சட்டிபோல வளைந்திருக்கிறதோ, அங்கே வாயு தேங்கியிருக்கக்கூடும்.

இதற்காக நிந்தவூருக்கு நேர் கிழக்கே, கடலின் தரையில் அறுபது மஞ்சள் பெட்டிகளை ஒரே வரிசையில் இறக்கினோம். நானூறு மீற்றருக்கு ஒன்று. முதலாம் பெட்டி கரையிலிருந்து ஆறு கிலோமீற்றர் தூரத்தில். அறுபதாம் பெட்டி கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றரில், ஆயிரத்து முன்னூறு மீற்றர் ஆழத்தில். அந்த ஆழத்துக்கு வெயில் போகாது. மனிதன் போனால் நசுங்கிப்போவான். பெட்டிகள் அங்கே தனியாகக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன. ஜூலை எட்டாம் திகதி இரவோடு பதிவை நிறுத்தி, ஒன்பதாம் திகதி படகில் போய் அத்தனையையும் மேலே எடுத்தோம்.

பதினோராம் திகதி நிந்தவூரின் தெற்குக் கடற்கரையில், எங்கள் தகரக் கூடாரத்தில் இரண்டு பேர் இருந்தோம். நானும் சுஜிந்தனும். சுஜிந்தன் தம்பிலுவில் ஆள். கேபிள் வேலை முழுக்க அவன் பொறுப்பு. ஒன்பது மாதம் ஒன்றாக வேலை செய்திருந்தோம். பயம் என்ற ஒன்று அவனிடம் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அதற்கு முதல் நாள்தான் கரையோரத்துக்குத் தனியாக ஒரு கேபிள் போட்டிருந்தோம். கடலுக்குள் இருபத்துநான்கு உணரிகள், ஐம்பது மீற்றருக்கு ஒன்று. கரையில் பன்னிரண்டு, தண்ணீர் விளிம்பிலிருந்து பிரதான வீதிப் பக்கமாக. ஒன்பதாவது உணரி எங்கள் கூடாரத்துக்கு நேர் கீழே இருந்தது. பெட்டிகளைப்போல இல்லாமல், இந்தக் கேபிள் பிடிப்பதை அந்தந்தக் கணமே திரையில் பார்க்கலாம். வீதியில் அக்கரைப்பற்று பஸ் போனாலும் தெரியும்.

பிற்பகல் 2:40க்கு, பெட்டிகளின் பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். முதலில் அறுபதாம் பெட்டி.

ஜூன் 27. மாலை 6:24.

டும்… டும்… டும்…

விநாடிக்கு ஒரு தட்டு. முதலில் கப்பல் இயந்திரம் என்று நினைத்தேன். ஆனால் 7:31க்கு நின்றுவிட்டது. மறுநாள் மாலை 6:24க்குத் திரும்பவும் தொடங்கியது. இந்த முறை ஐம்பத்தைந்தாம் பெட்டிக்குப் பக்கத்தில். அதற்கு அடுத்த நாள் ஐம்பதாம் பெட்டி.

சத்தம் எந்தப் பெட்டிக்கு எப்போது வந்தது என்பதை வைத்து, அது புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் தொழிலே அதுதான். புள்ளிகளைப் போட்டேன். நேர்கோடு. விநாடிக்கு அரை மீற்றர் வேகம். ஒவ்வொரு மாலையும் மஃரிபு நேரத்தில் தொடங்கி, ஒரு மணித்தியாலமும் சொச்சமும். நாளைக்கு இரண்டு கிலோமீற்றர்.

கடலின் தரையில் ஏதோ நடந்து வந்துகொண்டிருந்தது. கரையைப் பார்த்து.

சுஜிந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

"இப்ப எங்க வந்திருக்கும்?"

கணக்குப் பார்த்தேன். ஜூலை எட்டில் முதலாம் பெட்டியைத் தாண்டியிருக்கிறது. மிச்சம் ஆறு கிலோமீற்றர். ஒன்பது, பத்து, பதினொன்று.

இன்றைக்கு.

கொழும்பிலிருந்த எங்கள் தலைமை அதிகாரிக்கு அழைப்பெடுத்தேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை. அது ஏதோ இயந்திர இரைச்சல் என்றார், இன்றிரவுப் பதிவு தவறக்கூடாது என்றார். வைத்துவிட்டார்.

6:24. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. திரையில் ஒன்றும் இல்லை. அலையும் காற்றும்தான். சுஜிந்தன் தேநீர் ஊற்றித் தந்தான். குடித்தோம். வெட்கமாகக்கூட இருந்தது.

6:49.

கடலில் கடைசியாகக் கிடந்த இருபத்துநான்காவது உணரி.

டும்… டும்… டும்…

6:50 தாண்டி நாற்பது விநாடி. இருபத்துமூன்று.

6:52 தாண்டி இருபது விநாடி. இருபத்திரண்டு.

ஒவ்வொரு உணரியாக வந்துகொண்டிருந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே இருட்டிவிட்டது.

7:22. நான்காவது உணரி. அதே கணம் தண்ணீர் விளிம்பில் இருந்த முதலாம் கரை உணரி செத்துப்போனது. திரையில் அதன் கோடு வெறுமையானது.

சுஜிந்தன் எழுந்தான். யாரோ கேபிளை இழுத்து விளையாடுகிறான், அதுதான் இத்தனை நேரமும் டும் டும் என்று வந்திருக்கிறது, ஆளைப் பிடித்துவிட்டு வருகிறேன் என்றான். அந்த விளக்கம் எனக்கும் வேண்டியிருந்தது. அதனால் நான் தடுக்கவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் உறுத்துகிறது. டோர்ச்சையும் வோக்கியையும் எடுத்துக்கொண்டு போனான்.

அவன் நடையும் திரையில் விழுந்தது. மணலில் போகும் ஆளின் காலடி. விநாடிக்கு இரண்டு. எட்டு… ஏழு… ஆறு…

7:26க்கு முதலாம் கரை உணரி உயிர்பெற்றது. வோக்கியில் கேட்டேன்.

"சுஜி, அங்க ஆராவது நிக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. ப்ளக் கழண்டு கிடந்தது. மாட்டிட்டன்."

"கடல் பக்கம்?"

வோக்கியில் அலைச் சத்தம் மட்டும்.

"கடல் பக்கமும் இல்ல."

7:29.

கடல் உணரிகள் எல்லாம் அடங்கின. முதலாம் கரை உணரியில், அவன் நின்ற இடத்திலேயே…

டும்.

பிறகு நின்றது.

"சுஜி. கெதியா வா. பின்னால பாக்காம வா."

ஏன் என்று அவன் கேட்கவில்லை.

திரையில் அவன் நடை தொடங்கியது. விநாடிக்கு இரண்டு. அதன் பின்னால் இன்னொன்று தொடங்கியது. விநாடிக்கு ஒன்று.

இரண்டாவது உணரி. மூன்றாவது.

அப்போதுதான் கவனித்தேன். அது மெதுவாக நடக்கிறது. இவன் வேகமாக நடக்கிறான். ஆனால் இடைவெளி கூடவில்லை.

அவன் ஓட ஆரம்பித்தான். விநாடிக்கு மூன்று.

அது அப்படியே. விநாடிக்கு ஒன்று.

இடைவெளி கூடவில்லை.

ஆறு.

ஏழு.

எட்டு.

கதவு திறந்தது. சுஜிந்தன் உள்ளே விழுந்தான். நான் கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஒன்பது.

டும்.

நின்றது. கதவுக்கு வெளியே.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் என் வாயைப் பொத்தினான். காதுக்குள் சொன்னான்.

"மூச்சுக் கேட்டது மச்சான்… தண்ணிக்குள்ள விடுற மூச்சு."

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து பாடம். நடுவில் மறந்துபோனது. திரும்பத் தொடங்கினேன். திரும்ப மறந்தது. சுஜிந்தன் என் கையைப் பிடித்தபடி முருகனின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான்.

7:31 கடந்தது. மற்ற நாட்களில் அது ஓயும் நேரம். ஆனால் எங்களுக்கு ஒன்றும் ஓயவில்லை. கூடாரத்தின் தகரத்தில், என் தலை உயரத்தில், ஏதோ மெல்லச் சாய்ந்தது.

கிர்ர்ர்…

8:03.

டும்.

பத்து.

பதினொன்று.

பன்னிரண்டு.

அதற்கு அப்பால் எங்களிடம் உணரி இல்லை. வீதிதான். வீடுகள்தான்.

விடியும் வரை நாங்கள் கதவைத் திறக்கவில்லை. சுபஹுக்குப் பிறகு வெளியே வந்து மணலைப் பார்த்தோம். சுஜிந்தன் போன தடம் இருந்தது. ஓடி வந்த தடம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பதினைந்தாம் திகதி கேபிளைச் சுருட்டிக்கொண்டு கரையை விட்டு வந்தோம். சுஜிந்தன் அன்றோடு வேலையை விட்டான். இப்போது திருக்கோவில் பக்கம் வயல்களில் வெட்டு மெசின் ஓட்டுகிறான். கடற்கரைக்கு வருவதில்லை. அவனுடைய மனைவி ஒருமுறை என்னிடம் கதைத்தார். குளிக்கும்போது கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறானாம். அறிக்கையில் அந்தப் பதிவுகள் "இரைச்சல்" என்று நீக்கப்பட்டன. நானும் ஓகஸ்டில் விலகி, கல்முனையில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கத் தொடங்கினேன்.

செப்டம்பர் மூன்றாம் திகதி காலை 11:15க்கு முனவ்வறா அழைப்பெடுத்தாள். சம்மாந்துறைப் பிள்ளை. கொழும்பு அலுவலகத்தில், எங்கள் பதிவுகளிலிருந்து பாறைப் படத்தை வரைவது அவள்தான். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். குரல் சரியில்லை.

"நானா, நீங்க பாத்தது ஒண்ட மட்டும்தானே?"

ஓம் என்றேன்.

அன்று என் திரைக்கு வந்தது வடிகட்டிய பிரதி என்று விளங்கப்படுத்தினாள். மெல்லிய சத்தங்களை எல்லாம் இயந்திரம் தானாகவே தள்ளிவிடும். அவள் வடிகட்டாத பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். முதலாவது போய் ஒரு கிழமைக்குப் பிறகு, ஜூலை நான்காம் திகதி, அறுபதாம் பெட்டியை மற்றவை கடந்திருக்கின்றன. அதே கோடு. அதே வேகம். அதே 6:24. நாற்பத்தொன்று வரை எண்ணினாளாம். அதற்கு மேல் எண்ண முடியவில்லையாம்.

"சிலது சின்னது நானா. பக்கத்தில உள்ளது ஒரு அடி வைக்கக்குள்ள, அது ரெண்டு அடி வைக்குது. கையப் புடிச்சிக்கிட்டு ஓடி வாற மாதிரி."

சுனாமியில் எங்கள் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவளும் அழுதாள்.

ஜூலை எட்டாம் திகதி பதிவு முடியும்போது அவை முப்பத்தெட்டாம் பெட்டியில் இருந்தன என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கணக்குப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கை பேனாவை எடுத்துவிட்டது. முப்பத்தெட்டாம் பெட்டியிலிருந்து கரைக்கு இருபது கிலோமீற்றரும் எண்ணூறு மீற்றரும். நாளைக்கு இரண்டு கிலோமீற்றர்.

ஜூலை பத்தொன்பது.

அன்று மாலை நிந்தவூர்க் கரையில் கேட்பதற்கு எங்கள் கருவி ஒன்றுகூட இருக்கவில்லை.