வளையலுக்குக் குவிந்த கை

என் நாத்தனாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பெரம்பலூரில் எனக்குத் தைராய்டு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கால்சியம் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே, கழுத்தில் கட்டோடு, என் கணவர் என்னை அரியலூருக்கு பஸ் ஏற்றினார். அவருடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு. நான் போகாவிட்டால், பிள்ளை இல்லாதவளுக்குப் பொறாமை என்று பேசுவார்களாம்.

நாத்தனார் என் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். "இந்த ஊருத் தண்ணியே சுண்ணாம்பு. இதுல மாத்திரை வேறயா? கிட்னில கல்லு வுழும்" என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன; ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைப் புழுதி. நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் என் மேல்.

மறுநாள் உதடு மரத்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதற்கடுத்த நாள் வளைகாப்பு. பெண்ணுக்குச் சந்தனம் பூச நீட்டிய வலக்கை அப்படியே இறுகிவிட்டது. விரல்கள் ஒட்டி நீண்டு, கட்டைவிரல் உள்ளே மடங்கி, சின்ன வளையல் போடக் கையைக் குவித்து நீட்டுவோமே, அதே மாதிரி. பிரிக்க முடியவில்லை.

"எம்பொண்ணு வளையலுக்கு இவ கையக் குவிச்சிக்கிட்டு நிக்கிறா பாருங்க" என்றாள் நாத்தனார், வந்தவர்கள் எல்லாரும் கேட்க. "வயித்தெரிச்சல். நடிக்கிறா."

என் கணவர் வாயில் கொழுக்கட்டை வைத்தவரைப் போல நின்றார். எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் நாத்தனார், "நடிக்கிறா" என்றே சொன்னாள். டாக்டரம்மா, நன்றாயிருந்த இடக்கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அந்தக் கையும் எல்லார் கண்முன்னும் மெல்லக் குவிந்தது.

"இதுவும் நடிப்பாம்மா?" என்று நாத்தனாரிடம் கேட்டார். "தைராய்டுக்குப் பின்னால அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் கொறையாம அதுதான் பாத்துக்கும். ஆபரேஷன்ல அது சோர்ந்துடும், அதான் மாத்திரை. நரம்பு செல்லோட வாசல்ல கால்சியம் காவல் நிக்கணும். காவல் போனா வாசல் தானா தொறந்துக்கும், யாரும் சொல்லாமலே தசை சுருங்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தொண்டையும் சுருங்கியிருக்கும். மாத்திரை எங்க?"

நாத்தனார் கட்டிலருகே உட்கார்ந்து, குவிந்த என் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறு கையில் ஊசி வழியே கால்சியம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாகப் பிரிந்தன. விரல்கள் என் பேச்சைக் கேட்டதும், முதல் காரியமாக அவள் பிடியிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.