பேனரில் ஏறிய படம்

ஹட்டனில் எனக்கு பேனர் கடை. கடை போனையும் டிசைன் ஆப்பையும் நானே இணைத்தேன். நான் படித்தது எட்டு வரை. திரையில் பெட்டிகளைக் கோடு இழுத்துச் சேர்த்தால் போதும். திருவிழா வாழ்த்துக்கு மெசேஜ் வந்தால், அனுப்பியவரின் புரொஃபைல் படமும் பெயரும் தானே பேனரில் ஏறி அச்சாகிவிடும்.

ஒரு நாள் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் மனைவியின் மரண அறிவித்தலை வாங்க வந்தார். படம், விவரமெல்லாம் அவர் போனிலிருந்துதான் வந்திருந்தன; அதுவும் அதே இணைப்பில் தானே அச்சாகியிருந்தது. மாலையில் அடக்கம். விரித்துக் காட்டினேன். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே பெரியவரின் முகம்.



“நானாங்க செத்தது?” என்றார்.

அந்த அம்மாவின் படத்தைப் போட்டு வேறொன்று அடித்தேன்.

“முதல்ல அடிச்சதையும் சுருட்டுங்க தம்பி. நாளைக்கு எனக்கு ஆகும்.”

கொடுக்கவில்லை. அவர் முன்னாலேயே அதைக் கத்தரியால் வெட்டினேன்.