குளத்துப் பாசியும் கொதித்த தண்ணீரும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ஞாபகமும் முன்னே பின்னே ஆகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் முழுகிவிட்டு வயிறு கெட்டுப் படுத்திருப்பவர்களுக்காகவும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். கோடை. கீழ்பென்னாத்தூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரின் தங்கை தனமும் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தோம். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம். தண்ணீர் கம்மி. மேலே பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் பாசி. காற்று ஒதுக்கிய மூலையில் ஏடு கட்டியிருந்தது.

பாசியைக் கையால் விலக்கிவிட்டு முழுகுவதுதான் எங்கள் வழக்கம். விலக்கினால் அடியில் இருப்பது சுத்தம் என்று நினைப்போம். நான் முழுகி, மூன்று வாய் தீர்த்தமும் குடித்தேன். தனத்துக்கு ஜலதோஷம், தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி.

மலை சுற்றி முடிப்பதற்குள் என் உதடு தடித்தது. உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புத் தண்ணீர்) ஏற்றினார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "தண்ணியக் கொதிக்க வெச்சித்தாம்மா குடுக்கணும்" என்று தனத்திடம் கண்டிப்பாகச் சொன்னார்.

கொஞ்சம் தெளிந்தேன். கஞ்சி வயிற்றில் தங்கியது. மறுபடியும் வாந்தி. கண் மஞ்சளானது. ஈரல் இன்னும் கெட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்று என் வீட்டுக்காரரிடம் தனியே சொன்னார்களாம். அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரு காலையில் டாக்டரம்மா என் தலைமாட்டில் இருந்த செம்பை எடுத்து முகர்ந்தார்.

"என்னாம்மா இது, புல்லு வாசன அடிக்குது?"

"கொதிக்க வெச்ச தண்ணிதாங்க" என்றாள் தனம்.

"எங்க புடிச்சீங்க?"

"கொளத்துலங்க. தீர்த்தம். அண்ணிக்குச் சீக்கிரம் ஆவட்டும்னு பஸ் புடிச்சிப் போயி எடுத்தாறேன். துணியில வடிகட்டி, நீங்க சொன்னாப்பல தளதளன்னு கொதிக்க வெச்சிதாங்க குடுக்கறேன்."

சாமியையும் டாக்டரையும் ஒரே செம்பில் சேர்த்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். "கொதிச்சா கிருமி சாவும். ஆனா சில பாசியில விஷம் இருக்கும்னு படிச்சிருக்கேன். அது கொதிச்சாலும் போவாது, துணியிலயும் நிக்காது. இதுதான் காரணம்னு அடிச்சிச் சொல்ல எங்கிட்ட டெஸ்ட் இல்ல. இருந்தாலும் இந்தத் தண்ணி இனிமே வேணாம்."

தனத்தின் முகம் சுருங்கிவிட்டது. "எங்கண்ணிக்கு நான் விஷமாங்க குடுப்பேன்? இதோ பாருங்க" என்று செம்பை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள்.

தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவள் எப்படி எழுந்தேனோ, அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். தண்ணீர் போர்வையெல்லாம் கொட்டியது.

"ஒருத்தி படுத்திருக்கறது போதும்டி. நீயும் படுத்துட்டா உங்கண்ணனுக்கு யாரு சோறு வடிக்கறது?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனம் அழுதாள்.

அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர்தான். மஞ்சள் மெல்ல இறங்கியது. நான் வீடு திரும்பியபோது கடலை விதைத்து முடித்திருந்தார்கள். அதைப் பிடுங்கும் வரைக்கும் என்னால் குடம் தூக்க முடியவில்லை.

வலது விலாவுக்குக் கீழே ஈரல் என்று ஒன்று இருப்பது முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. இப்போது ஏடு கட்டிய தண்ணீரைப் பார்த்தாலே அந்த இடம் இழுத்துப் பிடிக்கிறது. பலகாரம் ஜாஸ்தி ஆனாலும் அதுதான் முதலில் சொல்கிறது. மலை சுற்றுவதை நாங்கள் விடவில்லை. குளம் பச்சையாக இருந்தால் கரையிலேயே கும்பிடுவோம். அந்த நேரம் தனம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், கும்பிட்டு முடித்த பிறகும் விடமாட்டாள்.

டாக்டரம்மா சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். கொதித்தாலும் அந்த விஷம் போகாது என்பது சரிதானா, படித்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். தெரியும் வரைக்கும் பாசி படர்ந்த தண்ணீரை, தீர்த்தம் என்றாலும், படுத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.