கத்தினால்தான் வருகிற ஆங்கிலம்

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஒஸ்லோவில் என் முதல் விடியல். நான் தங்கியிருந்த அம்மருட் பகுதி அடுக்குமாடிக்குப் பின்னாலிருக்கும் காட்டிலிருந்து யாரோ அலறினார்: “டியர் கெஸ்ட்ஸ்! ஐ ஆம் வெரி ஹாப்பி!” சந்தோஷத்தை இப்படியா சண்டைக்கு இழுப்பது மாதிரி சொல்வார்கள்? பதறி எழுந்துவிட்டேன்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. அது மெய்யின்ரை அப்பா. பின்னேரம் மகளின்ரை கலியாணத்திலை பேசவேணுமாம்” என்றாள் சுகந்தி. என் கதைகளின் வாசகி, இந்த வீட்டுக்காரி, ஒஸ்லோவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மருத்துவமனைத் தாதி. மெய் அவளோடு வேலை பார்க்கும் சீனப்பெண், மாப்பிள்ளை நோர்வேக்காரர். சுகந்தியின் கணவர் வேலையாகப் பேர்கன் போயிருந்ததால் விருந்தில் அவர் நாற்காலி எனக்கு. விடுவேனா?

காபி குடித்ததும் காட்டுக்குப் போனோம். மெய்யின் அப்பா திரு லின் ஒரு மரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சீனாவின் செங்டு நகரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அங்கே சின்னப் பிள்ளையிலிருந்து தாத்தாக்கள் வரை ஆங்கிலம் படிக்கிறார்களாம். விடியற்காலையில் பூங்காவில் நின்று கத்திப் படித்தால் கூச்சம் போய்விடுமாம். இதெல்லாம் அவர் கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னது. ஆனால் சம்பந்திகளிடம் கைபேசி பேசக்கூடாது, தன் வாயால்தான் பேச வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

கத்தாமல் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள் என்றேன். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. கத்தச் சொன்னால் மடமடவென்று கொட்டியது.

“ஐயோ அக்கா, மண்டபம் சின்னன்! இஞ்சை ஆக்கள் மெல்லமாத்தான் கதைப்பினம்” என்று சுகந்தி தலையில் கைவைத்தாள்.

மாலை நாலு மணிக்குச் சுரங்க ரயில். டிக்கெட் நாற்பது குரோனருக்கு மேல்; நம்மூரில் இரண்டு சாப்பாட்டுக் காசு. பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. திரு லின்னின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே வந்தன.

நோர்வேக் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேசினார், இதமான குரல். அடுத்து திரு லின். “டியர்...” என்றார். நின்றுவிட்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

மெய் எழுந்தாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் கடைசி மூலைக்கு ஓடினாள். வாயருகே இரண்டு கையையும் குவித்து, “அப்பா! இங்கே ஒன்றும் கேட்கவில்லை!” என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

அவர் மூச்சை இழுத்தார். அம்மாடி! கண்ணாடிக் கோப்பைகள் அதிர, முழுப் பேச்சும் வந்து விழுந்தது. மெல்லப் பேசும் அந்த ஜனங்கள் எழுந்து நின்று மேசையைத் தட்டினார்கள். நான் மதுரைக்காரி, சும்மா இருப்பேனா? விசிலடித்தேன்.

சத்தம் அடங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரு லின் இப்போது கத்தவில்லை. காலையில் பயிற்சி செய்ததில் இல்லாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “மை டாட்டர்... மார்னிங்... நோ ஈட். யூ... ப்ளீஸ்.”

“நான் சாப்பிட வைக்கிறேன்” என்றார் அந்த அம்மாள். அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் எல்லாம் முடிந்து வண்டி கிளம்பும்போது பெண்ணின் அப்பா சம்பந்தியம்மாவிடம் சொல்வது இதுதான்: “புள்ள பசி தாங்காது, பாத்துக்கங்க.”