இரண்டு பென் டிரைவும் ஒரு பையும்

கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றில் ஒரு டெராபைட் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு இன்று அரை மணித்தியாலம் நின்றேன். உலோக உடம்பு, பெயர்போன கம்பனி. விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

ஆனால் என் லப்டொப் போன கிழமையிலிருந்து தானாக நின்றுபோகிறது. ஸ்கேன் செய்த காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், பதிந்து வைத்த அப்பாவின் குரல் எல்லாம் அதற்குள்தான்.

"அண்ணை, இது பழுதாகாதோ?"

"அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு, தங்கச்சி."

"உள்ளுக்கு இருக்கிறதுக்கும் சேர்த்தோ?"

கடைக்காரர் சிரித்தார். "பழுதானால் புதுசு ஒண்டு தருவம். உள்ளுக்கு இருந்தது போனது போனதுதான். இவ்வளவு பெரிசு உங்களுக்குத் தேவையில்லை. சாதாரணமானது ரெண்டு வாங்கி, ஒண்டை வேற வீட்டில வையுங்கோ."

இரண்டு வாங்கினேன். பின்னேரம் முழுக்கக் கொப்பி பண்ணி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் திறந்து பார்த்தேன். ஒன்றைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியிடம் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால், இரண்டும் அம்மாவின் பைக்குள். உறுதியும் சான்றிதழ்களும் அசலாக இருக்கிற அதே பை. எந்த வீட்டுக்கு மாறினாலும் கதவுக்குப் பின்னால் தொங்குகிற பை.

"என்னம்மா இது?"

"எல்லாம் ஒரு இடத்தில இருந்தால்தானே பிள்ளை, ஓடேக்க தூக்கலாம்."

கடைக்காரர் சொன்னதும் சரி. சண்டைக் காலத்தில் வீடு வீடாக ஓடிப் பழகிய அம்மா சொல்வதும் சரி.

மூன்றாவது ஒன்று வாங்கப் போகிறேன். அதை எங்கே வைப்பதென்று யாராவது சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியாமல்.